ரிலேயை இயக்க எந்தச் சுவிட்ச்? மலைத் தோட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கான ஓர் ஒப்பீடு

உறைபனி இறங்கும் இரவில் தெளிப்பான் தானாக ஓட வேண்டும். காளான் குடிலில் ஈரப்பதம் குறைந்தால் ஈரமூட்டி கிளம்ப வேண்டும். கார்னேஷன் பசுமைக்குடிலில் வெயில் ஏறினால் காற்றாடி சுழல வேண்டும். நீலகிரியில் இந்த வேலைகளுக்குச் சொந்தமாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொள்ள முயல்பவர்கள் உணரி, நிரல் ஆகிய இரண்டையும் எப்படியோ கடந்துவிடுகிறார்கள். கடைசியில் மைக்ரோகண்ட்ரோலரின் (நிரலை ஓட்டும் சிறு சில்லு) மெல்லிய முனையிலிருந்து ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய சுமையை இயக்கும் மின்காந்தச் சுவிட்ச்) சுருளுக்குப் போகும் அந்தச் சிறு இடைவெளியில்தான் தயங்கி நிற்கிறார்கள். பிசி 547 என்ற சிறு டிரான்சிஸ்டர் ஒன்று போதுமா, மாஸ்ஃபெட் (மின்னழுத்தத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் வகை) நல்லதா, ஏழு சுவிட்சுகளை அடக்கிய யுஎல்என் 2003 என்ற ஐசியை வாங்கலாமா, அல்லது எல்லாம் பொருத்தப்பட்டு வரும் நீல நிற ரிலே மாட்யூலை வாங்கி வேலையை முடித்துவிடலாமா என்ற கேள்வியைக் கேத்தியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நான்கும் வேலை செய்யும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். மேசையின் மேல் நான்குமே "டிக்" என்று ஒலிக்கும்; வித்தியாசம் டிசம்பர் இரவிலும் மழை மாதத்திலும்தான் தெரியவரும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒப்பிடுவதற்கு முன் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, கட்டுப்பாட்டு முனை எவ்வளவு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தரும் என்பது. ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் உள்ள சில்லு 5 வோல்ட்டில் ஒரு முனைக்கு 20 மில்லி ஆம்பியர் வரை தாராளமாகத் தரும். 40 மில்லி ஆம்பியர் என்பது தாண்டக்கூடாத எல்லை. வைஃபை வசதியுள்ள இஎஸ்பி 8266 சில்லோ 3.3 வோல்ட்டில் 12 மில்லி ஆம்பியர்தான் தரும். இரண்டாவது, சுவிட்ச் தனக்கென்று எவ்வளவு வோல்ட்டை விழுங்குகிறது என்பது. மூன்றாவது, கட்டுப்பாட்டு முனை எந்தக் கட்டளையும் தராமல் மிதக்கும் நேரத்தில், அதாவது மின்சாரம் வந்த முதல் ஒரு விநாடியிலோ கம்பி கழன்றுவிட்டாலோ, ரிலே எந்த நிலையில் இருக்கும் என்பது. நான்காவது, குளிரும் ஈரமும். ஐந்தாவது, பழுதானால் மாற்றுப்பொருள் கைக்கு எட்டுமா என்பது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோயம்புத்தூரிலிருந்து வரும் பொருள் எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விலையை நான் வேண்டுமென்றே அளவுகோலாக வைக்கவில்லை. இங்கே பேசப்படும் சுவிட்சுகளுக்கிடையே உள்ள விலை வேறுபாடு, அவை காப்பாற்றப்போகும் ஒரு பாத்திச் செடியின் மதிப்புக்கு முன் பொருட்டே அல்ல.

## சுவிட்சுக்கு முன்னால் சுருள்

இந்த நான்கில் எது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, ரிலேயின் சுருள் எத்தனை வோல்ட் என்பதைத்தான். பலர் அதை யோசித்திருப்பதில்லை. மைக்ரோகண்ட்ரோலர் 5 வோல்ட்டில் ஓடுகிறது என்பதால் ரிலேயும் 5 வோல்ட் என்று வாங்கிவிடுகிறார்கள். என் அனுபவத்தில், சுவிட்ச் விஷயத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒரு தேர்விலிருந்தே தொடங்குகிறது.

கடைகளில் கிடைக்கும் சதுர நீல ரிலேக்கள் பெரும்பாலும் சுமார் 0.36 வாட் திறன் எடுப்பவை. 5 வோல்ட் சுருளின் மின்தடை ஏறத்தாழ 70 ஓம், மின்னோட்டம் சுமார் 72 மில்லி ஆம்பியர். 12 வோல்ட் சுருள் 400 ஓம், 30 மில்லி ஆம்பியர். 24 வோல்ட் சுருள் 1600 ஓம், 15 மில்லி ஆம்பியர். திறன் ஒன்றுதான், ஆனால் சுவிட்சின் மேல் விழும் சுமை இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. மேலும், ரிலே பிடிப்பதற்கு, அதாவது அதன் தொடர்பு முனைகள் இழுக்கப்பட்டு இணைவதற்கு, சுருளின் பெயரளவு மின்னழுத்தத்தில் 75 சதவீதம் வேண்டும். 5 வோல்ட் சுருளுக்கு அது 3.75 வோல்ட், அதாவது வழியில் 1.25 வோல்ட்டுக்கு மேல் தொலைக்க முடியாது. 12 வோல்ட் சுருளுக்கு 9 வோல்ட் போதும். 3 வோல்ட் வரை தொலைக்கலாம்.

மலைச்சரிவில் இந்தக் கணக்கு உடனே பொருந்துகிறது. படிக்கட்டு வயலில் மேலே பெட்டி, கீழே கிணற்றடியில் ரிலே என்று 60 மீட்டர் கம்பி இழுப்பது இங்கு சர்வசாதாரணம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போய் வரும் 120 மீட்டருக்கு ஏறத்தாழ 4.7 ஓம் மின்தடை உண்டு. 5 வோல்ட் சுருளுக்கு அதில் சுமார் 0.3 வோல்ட் கரைகிறது; அதனுடன் சுவிட்ச் 0.9 வோல்ட் விழுங்கினால் எஞ்சுவது 3.8 வோல்ட். ரிலே பிடிக்கிறது, ஆனால் நூலிழையில் பிடிக்கிறது. அதே கம்பியில் 12 வோல்ட் சுருள் இழப்பது 0.14 வோல்ட் மட்டுமே.

இஎஸ்பி 8266 பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வைஃபை பேசும் நொடிகளில் அந்தச் சில்லு முந்நூறு மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அதே 5 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து இரண்டு மூன்று ரிலேக்களும் இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து சில்லு தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை வைத்து, ரிலேக்களை நேரடியாக அதிலும், மைக்ரோகண்ட்ரோலரை ஒரு சிறு மாற்றி வழியாகவும் இயக்கினால் இந்தத் தொல்லை வராது. ஆகவே இனி வரும் ஒப்பீடு முழுவதும் 12 வோல்ட் சுருளையே முதன்மையாகக் கொண்டிருக்கிறது.

## தனி டிரான்சிஸ்டர்

சுற்று எளியது. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸுக்குள் போகும் சிறு மின்னோட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுருளின் ஒரு முனை 12 வோல்ட்டில், மறுமுனை என்பிஎன் டிரான்சிஸ்டரின் கலெக்டரில், எமிட்டர் தரையில் (மின்வழங்கியின் எதிர்முனை), கட்டுப்பாட்டு முனையிலிருந்து ஒரு மின்தடை வழியாக பேஸ், சுருளுக்குக் குறுக்கே, பட்டையுள்ள முனை 12 வோல்ட் பக்கம் இருக்குமாறு அணையும்போது சுருளில் எழும் பின்னுதைப்பை அடக்க ஒரு 1என் 4007 டயோடு. இரண்டு அடாப்டர்கள் இருந்தால் அவற்றின் தரைக் கம்பிகள் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். சுருளை எமிட்டர் பக்கம் வைத்துவிடக் கூடாது. அப்போது கட்டுப்பாட்டு முனையின் மின்னழுத்தத்தில் 0.7 வோல்ட் குறைந்த அளவே சுருளுக்குக் கிடைக்கும், 12 வோல்ட் ரிலே அசையவே அசையாது.

பேஸ் மின்தடையின் மதிப்புதான் இந்தத் தேர்வின் உயிர்நாடி. டிரான்சிஸ்டரைச் சுவிட்சாகப் பயன்படுத்தும்போது தரவுத்தாளில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) உள்ள 110, 200, 400 போன்ற பெருக்க எண்களை (பேஸ் மின்னோட்டத்தைப்போல் எத்தனை மடங்கு கலெக்டரில் பாயும் என்பது) மறந்துவிட்டு, சுருளின் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை பேஸுக்குத் தந்துவிட வேண்டும் என்பது பழைய விதி. 30 மில்லி ஆம்பியருக்கு 3 மில்லி ஆம்பியர். 3.3 வோல்ட் முனையிலிருந்து 0.7 வோல்ட் கழிந்து எஞ்சும் 2.6 வோல்ட்டை அதால் வகுத்தால் 867 ஓம். 820 ஓம் போடலாம், கையில் இருக்கும் 1 கிலோ ஓமும் போதும். 5 வோல்ட் முனையானால் 1.2 அல்லது 1.5 கிலோ ஓம்.

இதைக் கவனிக்காமல் பெட்டியில் கிடந்த 10 கிலோ ஓம் மின்தடையைப் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 3.3 வோல்ட்டில் பேஸுக்கு 0.26 மில்லி ஆம்பியர் போகிறது. டிரான்சிஸ்டரின் பெருக்கம் 110 என்றால், பிசி 547 குடும்பத்தின் கீழ் எல்லை அது, கலெக்டரில் சுமார் 28 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. ரிலே பிடிக்க 22.5 மில்லி ஆம்பியர் போதும் என்பதால் பகலில் மேசையில் சோதிக்கும்போது அழகாக இயங்குகிறது. கேத்திப் பள்ளத்தாக்கில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் இரவில், பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம் டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் வீதம் ஏறி 0.75 வோல்ட்டை எட்டுகிறது. பெருக்கமும் பத்துப் பதினைந்து சதவீதம் குறைகிறது. கிடைக்கும் மின்னோட்டம் 24, 25 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. எந்த இரவுக்காகப் பெட்டியைச் செய்தோமோ அந்த இரவிலேயே அது பிடிக்குமா பிடிக்காதா என்ற நிலைக்கு வந்துவிடுகிறது.

குளிர் சுருளுக்கு ஒரு விதத்தில் நன்மை செய்கிறது. செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் குறைவதால் 25 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது சுருள் சுமார் 10 சதவீதம் அதிக மின்னோட்டம் எடுக்கத் தயாராகிறது; குறைந்த மின்னழுத்தத்திலும் பிடிக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டிய டிரான்சிஸ்டர் அதே குளிரில் பலவீனமாகிறது. பத்தில் ஒரு பங்கு விதியைப் பின்பற்றினால் இவை அனைத்தும் அந்த விதியின் தாராளத்துக்குள் அடங்கிப்போகும். சரிபார்ப்பதும் எளிது: ரிலே பிடித்திருக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கலெக்டரிலும் மறுமுனையை எமிட்டரிலும் வையுங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட் காட்டினால் சுவிட்ச் முழுமையாக மூடியிருக்கிறது. 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ரிலே பிடித்திருந்தாலும் பேஸ் பட்டினி கிடக்கிறது என்று பொருள்.

அடுத்தது ஈரம். மழை மாதத்தில் காலை நேரத்தில் பசுமைக்குடில் பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறம் நீர்த்துளிகள் கோத்து நிற்பதையும், சால்டர் வைத்த இடங்களைச் சுற்றிக் கழுவப்படாத ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) வெண்மையாகப் பூத்திருப்பதையும் காணலாம். அந்தப் பூப்பு ஈரத்தில் மின்கடத்தி. 12 வோல்ட் தடத்துக்கும் பேஸுக்கும் இடையே ஒரு மெகா ஓம் கசிவு உண்டாகிவிட்டதாக வைத்துக்கொண்டால் சுமார் 11 மைக்ரோ ஆம்பியர் பேஸுக்குள் நுழையும். பெருக்கம் 400 உள்ள டிரான்சிஸ்டரில் அது 4.4 மில்லி ஆம்பியர் ஆகிறது. ரிலேயைப் புதிதாகப் பிடிக்க வைக்க அது போதாது. ஆனால் ஏற்கெனவே பிடித்திருக்கும் ரிலே விடுபட, மின்னோட்டம் பெயரளவில் 10 சதவீதத்துக்கு, அதாவது 3 மில்லி ஆம்பியருக்கு அருகே இறங்கியாக வேண்டியிருக்கலாம். அணைத்த பின்னும் ரிலே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதாக வரும் புகார்களில் சில இந்த வகை. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு 10 கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்தால் அந்தக் கசிவு பேஸில் 0.12 வோல்ட் மட்டுமே உண்டாக்கும், டிரான்சிஸ்டர் விழிக்காது. கட்டுப்பாட்டு முனை மிதக்கும் நேரத்திலும் ரிலே அணைந்தே இருப்பதற்கு இதே மின்தடை காவல்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. டயோடு இல்லாமலும் சுற்று சில நாள் ஓடும். அணையும் ஒவ்வொரு முறையும் சுருளிலிருந்து எழும் பின்னுதைப்பு 100 வோல்ட்டை எளிதில் தாண்டும். பிசி 547 தாங்குவது 45 வோல்ட். டிரான்சிஸ்டர் உடனே சாகாமல் மெல்ல மெல்லச் சாவதால் காரணம் டயோடுதான் என்று தோன்றுவதே இல்லை. டயோடைத் திருப்பிப் போட்டாலோ டிரான்சிஸ்டர் மூடியவுடன் 12 வோல்ட்டும் டயோடு வழியாகத் தரைக்குப் பாய்ந்து ஒன்று கருகும். மற்றொரு செலவு, கால்களின் வரிசை. பிசி 547, பிசி 337 இரண்டுக்கும் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். ஆனால் பிஎன் 2222ஏ அதற்கு நேர்மாறு. பி2என் 2222ஏ என்று அச்சிட்டதோ மறுபடி பிசி 547 போலவே இருக்கும். ஒரே பெயர்போல ஒலிக்கும் இரண்டு பொருள்களைக் கடையில் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள்.

பிசி 547 நூறு மில்லி ஆம்பியர் வரைதான். 12 வோல்ட் சுருளுக்கு அது தாராளம். 5 வோல்ட் சுருளையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால் 800 மில்லி ஆம்பியர் தாங்கும் பிசி 337 வாங்குங்கள். உண்மையில் எப்போதுமே பிசி 337 வாங்கி வைப்பது நல்லது. கால் வரிசையும் மாறவில்லை.

## மாஸ்ஃபெட்

மாஸ்ஃபெட்டின் கட்டுப்பாட்டுக் காலான கேட் நிலையான நிலையில் மின்னோட்டமே எடுப்பதில்லை என்பதால் பேஸ் கணக்கு எதுவும் தேவையில்லை; சூரியத் தகடும் பேட்டரியும் கொண்ட பெட்டிக்கு அதுவே உகந்தது என்று பலர் சொல்வார்கள். கணக்கிட்டால் இந்தப் புகழ் சற்று மிகை என்று தெரியும். ஒரு ரிலே பத்து மணி நேரம் பிடித்திருந்தால் சுருள் 0.3 ஆம்பியர்-மணி எடுக்கும். தனி டிரான்சிஸ்டரின் பேஸ் எடுப்பது வெறும் 0.03. மாஸ்ஃபெட் மிச்சப்படுத்துவது இந்த 0.03 மட்டுமே.

அதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய ரிலே, சோலனாய்டு வால்வு, 12 வோல்ட் காற்றாடி போன்று அரை ஆம்பியருக்கு மேல் எடுக்கும் சுமைகளை ஒரே துண்டில் இயக்கிவிடலாம். குளிரில் அதன் உள்தடை குறையவும் செய்கிறது.

ஆனால் மாஸ்ஃபெட் சுவிட்ச் முழுமையாக மூடக் கேட்டில் எத்தனை வோல்ட் வேண்டும் என்பதில் பெரிய பொறி இருக்கிறது. தரவுத்தாளில் தொடக்க மின்னழுத்தம் என்று எழுதியிருப்பது, மாஸ்ஃபெட் விழிக்கத் தொடங்கும் புள்ளி. முழுமையாக மூடும் புள்ளி அன்று. எங்கும் கிடைக்கும் ஐஆர்எஃப்இசட் 44என் மாஸ்ஃபெட்டின் உள்தடை 10 வோல்ட் கேட்டுக்கே உறுதி அளிக்கப்பட்டது; தொடக்கம் 2 முதல் 4 வோல்ட் வரை எங்கும் இருக்கலாம். 3.3 வோல்ட் முனையில் ஒரு துண்டு இயங்கும், அதே பொட்டலத்தில் உள்ள அடுத்த துண்டு இயங்காது. 2என் 7000 சிறிய ரிலேக்குப் பொருத்தமாகத் தோன்றினாலும் அதன் உறுதியும் 4.5 வோல்ட்டிலிருந்துதான், 5 வோல்ட் ஆர்டுயினோவுக்கு அதைத் தரலாம், 3.3 வோல்ட்டுக்குத் தரக்கூடாது. குளிரில் தொடக்க மின்னழுத்தம் இன்னும் சற்று ஏறும். 5 வோல்ட் முனைக்கு ஐஆர்எல்இசட் 44என் நிம்மதி, 3.3 வோல்ட்டுக்கு, 2.5 வோல்ட்டிலேயே உள்தடை குறிப்பிடப்பட்ட ஏஓ 3400 போன்றது வேண்டும். அது மிகச்சிறிய மேற்பரப்பு வகைத் துண்டு. கையால் சால்டர் வைக்கப் பொறுமை வேண்டும்.

ஈரத்தில் மாஸ்ஃபெட் மற்றவற்றைவிட மோசமாக நடந்துகொள்ளும். கேட்டிலிருந்து தரைக்கு 100 கிலோ ஓம் போடச் சொல்லும் வரைபடங்கள் நிறைய உண்டு. முன்பு சொன்ன ஒரு மெகா ஓம் கசிவு இருந்தால் அந்த 100 கிலோ ஓமின் மேல் சுமார் 1.1 வோல்ட் நிற்கும். 2என் 7000 வகையில் சில 0.8 வோல்ட்டிலேயே விழிக்கத் தொடங்கும். பனிமூட்டத்தில் யாரும் கட்டளையிடாமல் ரிலே முனகுவதற்கு இது போதும். மலைப் பகுதியில் 10 கிலோ ஓமே போடுங்கள், கசிவு 0.12 வோல்ட்டோடு அடங்கிவிடும். டயோடு இங்கும் தேவை.

## யுஎல்என் 2003

ஏழு டார்லிங்டன் இணைகள் (ஒன்று மற்றொன்றை இயக்குமாறு இணைத்த இரு டிரான்சிஸ்டர்கள்), ஒவ்வொன்றுக்கும் 500 மில்லி ஆம்பியர், 50 வோல்ட். ஒவ்வொரு உள்ளீட்டிலும் 2.7 கிலோ ஓம் மின்தடை. ஒவ்வொரு வெளியீட்டிலும் காப்பு டயோடு. எல்லாம் பதினாறு கால் ஐசி ஒன்றுக்குள். மைக்ரோகண்ட்ரோலர் முனைகளை நேராக இணைத்துவிடலாம், 3.3 வோல்ட்டில் ஓர் உள்ளீடு சுமார் 0.7 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். பேஸ்–எமிட்டர் மின்தடைகளும் உள்ளேயே இருப்பதால், ஈரக் கசிவும் மிதக்கும் முனையும் இதை எளிதில் ஏமாற்ற முடியாது. மலைச் சூழலுக்கு இது இயல்பாகவே பொருந்திவிடுகிறது என்பேன்.

இதன் விலை, டார்லிங்டன் அமைப்பு விழுங்கும் 0.9 வோல்ட். 12 வோல்ட் சுருளுக்கு 11.1 வோல்ட் எஞ்சுகிறது, கவலையில்லை. 5 வோல்ட் சுருளுக்கு 4.1 வோல்ட் என்பது நீண்ட கம்பியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்தோம். மற்றொரு விஷயம் 9ஆம் கால். டயோடுகள் அனைத்தும் அங்கேதான் ஒன்றுசேர்கின்றன. அதைச் சுருள்களின் 12 வோல்ட்டோடு இணைக்க மறந்தால் டயோடு இல்லாத சுற்றுதான் கையில் இருக்கும். ஓர் இணை செத்தால் முழு ஐசியையும் மாற்ற வேண்டும் என்பதால் ஐசியைப் பலகையில் நேரடியாகச் சால்டர் செய்யாமல் சாக்கெட்டில் செருகுங்கள். உதிரியாக ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

## ஆயத்த மாட்யூல்

மாட்யூலின் உள்ளே இருப்பதும் அதே டிரான்சிஸ்டர்தான். அதற்கு முன்னால் பெரும்பாலும் ஓர் ஆப்டோகப்ளர் (ஒளியின் மூலம் கட்டளையைக் கடத்தி இரு பக்கங்களையும் மின்வழியில் பிரித்து வைக்கும் துண்டு) இருக்கும். வாங்கி, கம்பி முறுக்கி, அன்றே ஓட்டிப் பார்க்கலாம் என்பது சிறிய விஷயம் அன்று. சால்டர் பழகாதவர்களுக்கு வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

விற்பனைப் பக்கத்தில் எழுதாத செலவுகள் சில உண்டு. பல மாட்யூல்கள் தலைகீழ்த் தர்க்கத்தில் இயங்குபவை. முனை தாழ்ந்தால் ரிலே பிடிக்கும். மைக்ரோகண்ட்ரோலர் தொடங்கும் கணத்தில் முனை ஒருமுறை தாழ்ந்தால் ரிலே ஒருமுறை துடிக்கும். ஆர்டுயினோவில் முனையை வெளியீடாக அறிவிப்பதற்கு முன்பே அதை உயர்நிலைக்கு எழுதிவிட்டால் இது தவிரும். இரவில் மின்சாரம் போய் வரும் ஊர்களில் இந்த ஒரு வரி நிரல், பம்பு வீணாகத் துடிப்பதைத் தடுக்கும்.

ஆப்டோகப்ளர் இருப்பதாலேயே மின்பிரிப்பு கிடைத்துவிடும் என்பதும் தவறான எண்ணம். ஜேடி-விசிசி என்று எழுதிய இணைப்பியை எடுத்துவிட்டு ரிலேக்குத் தனி மின்வழங்கி தந்தால்தான் உண்மையான பிரிப்பு. இணைப்பி அப்படியே இருந்தால் அந்த ஆப்டோகப்ளர் கிட்டத்தட்ட அலங்காரம்.

மூன்றாவது, பலகையில் 230 வோல்ட் தடங்களுக்கும் சுருள் பக்கத்துக்கும் இடையே உள்ள இடைவெளி. மலிவான பலகைகளில் அது சமவெளிக்கே போதுமானதாக இருப்பதில்லை. காற்றின் அடர்த்தி குறையும்போது அதன் மின்காப்பும் குறைகிறது. மின்காப்புக்கான ஐஇசி 60664 தரநிலை 2000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் வழக்கமான காற்றிடைவெளியை ஏற்கிறது, 3000 மீட்டருக்கு 1.14 மடங்கு கேட்கிறது. 1850 மீட்டரில் இருக்கும் குன்னூர் அந்த 2000 மீட்டர் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. 2240 மீட்டரில் இருக்கும் உதகை கோட்டைத் தாண்டிவிட்டது, கொடைக்கானலும் அப்படியே. தேவைப்படும் கூடுதல் சிறிதுதான். ஆனால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடைவெளியில் ஈரமும் தூசியும் படியும்போது அந்தச் சிறிதும் கணக்கில் வரும். ரிலே தொடர்பு முனைகளைச் சுற்றிப் பலகையில் பிளவு வெட்டியிருக்கும் மாட்யூலையே தேர்ந்தெடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | தனி டிரான்சிஸ்டர் | மாஸ்ஃபெட் | யுஎல்என் 2003 | ஆயத்த மாட்யூல் |
|---|---|---|---|---|
| கட்டுப்பாட்டு முனையின் சுமை | சுமார் 3 மில்லி ஆம்பியர் | ஏறத்தாழ இல்லை | 3.3 வோல்ட்டில் 0.7 மில்லி ஆம்பியர் | ஓரிரு மில்லி ஆம்பியர் |
| சுவிட்ச் விழுங்கும் வோல்ட் | 0.1–0.2 | மிகக் குறைவு | சுமார் 0.9 | தனி டிரான்சிஸ்டர் போல |
| காப்பு டயோடு | நாம் சேர்க்க வேண்டும் | நாம் சேர்க்க வேண்டும் | உள்ளே உண்டு, 9ஆம் கால் | பலகையில் உண்டு |
| ஈரத்தில் | 10 கிலோ ஓம் இருந்தால் நன்று | கவனம் தேவை | நன்று | பூச்சு இல்லாமல் பலவீனம் |
| பழுதுபார்ப்பு | ஒரு துண்டை மாற்றினால் போதும் | ஒரு துண்டு, ஆனால் சரியான வகை வேண்டும் | சாக்கெட்டில் இருந்தால் எளிது | முழுப் பலகையையும் மாற்ற வேண்டும் |

## பம்பை இந்த ரிலேயிடம் கொடுக்கலாமா

எந்தச் சுவிட்சைத் தேர்ந்தெடுத்தாலும் பொருந்தும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ரிலேயின் மேல் அச்சிட்ட 10 ஆம்பியர் என்பது பல்பு, ஹீட்டர் போன்ற தடைச் சுமைகளுக்கானது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது ஓட்ட மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும். சதுர ரிலேயின் தொடர்பு முனைகள் சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு டிரான்சிஸ்டரை எத்தனை முறை மாற்றினாலும் பம்பு நிற்காது. சிறு ரிலே ஒரு காண்டாக்டரின் (மோட்டார் போன்ற பெரிய சுமைகளுக்கான பெரிய ரிலே) சுருளை இயக்கட்டும், காண்டாக்டர் பம்பை இயக்கட்டும். காண்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டால் பொறி குறையும். 230 வோல்ட் பக்கத்தை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

## யாருக்கு எது

ஒன்று அல்லது இரண்டு ரிலே, சால்டர் பழகிய கை, பெட்டி பல ஆண்டுகள் வெளியில் இருக்கப்போகிறது என்றால், 12 வோல்ட் சுருளும் பிசி 337 டிரான்சிஸ்டரும்தான் என் தேர்வு. பேஸுக்கு 820 ஓம் அல்லது 1 கிலோ ஓம், பேஸ்–எமிட்டருக்கு 10 கிலோ ஓம், ஒரு 1என் 4007. எந்தத் துண்டு கெட்டாலும் பழைய ரேடியோ பழுதுபார்க்கும் கடையிலேயே மாற்று கிடைத்துவிடும் என்பதை மலையில் இருப்பவர்கள் குறைத்து மதிப்பிடக்கூடாது.

மூன்றுக்கு மேல் ரிலேக்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், யுஎல்என் 2003. சுருள் மட்டும் 12 வோல்ட்டாக இருக்கட்டும். பசுமைக்குடிலில் காற்றாடி, மூடுதிரை, தெளிப்பான், விளக்கு என்று நாளடைவில் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போகும். ஏழு வழிகளில் மீதமிருப்பவை அப்போது கை கொடுக்கும்.

சுவிட்ச் நேரடியாகவே 12 வோல்ட் வால்வையோ காற்றாடியையோ இயக்க வேண்டும் என்றால் மாஸ்ஃபெட். ரிலே மட்டும் என்றால் அதற்கு அவசியம் இல்லை.

இந்தப் பருவத்துக்குள் எண்ணம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்த பருவத்தில் நிலையான பெட்டி செய்துகொள்ளலாம் என்பவருக்கு மாட்யூல். அதிலும் 12 வோல்ட் சுருள் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். பலகையின் இருபுறமும் அக்ரிலிக் பூச்சு தெளித்தால் ஈரத்தை ஓரளவு தாங்கும். திருகு முனைகளில் மட்டும் பூச்சுப் படாமல் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மின்கம்பமே இல்லாத தோட்டத்தில், 7 ஆம்பியர்-மணி பேட்டரியோடு நான்கு ரிலேக்கள் இரவு முழுவதும் பிடித்திருக்க வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. ஓர் இரவுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். மூடுபனி ஒரு வாரம் விலகாவிட்டால் சூரியத் தகடு அதை ஈடுசெய்யாது. அங்கே மேற்சொன்ன நான்கில் எதையும் மாற்றிப் பயனில்லை, ரிலேயையே மாற்ற வேண்டும். தாழ்ப்பு வகை ரிலே ஒரு சிறு மின்துடிப்பில் பிடித்துக்கொண்டு, அடுத்த துடிப்பு வரும்வரை மின்சாரம் எடுக்காமல் அதே நிலையில் நிற்கும். இரட்டைச் சுருள் வகைக்கு ஒரு ரிலேக்கு யுஎல்என் 2003 ஐசியின் இரண்டு வழிகள் போதும். இதன் குறை, மின்சாரம் போனாலும் அது கடைசி நிலையிலேயே நிற்பது. பேட்டரி தீர்ந்து, மறுநாள் வெயிலில் பெட்டி மீண்டும் விழிக்கும்போது தெளிப்பான் வால்வு திறந்தே இருக்கும். ஆகவே இதைத் தேர்ந்தெடுப்பவர், மைக்ரோகண்ட்ரோலர் தொடங்கியதும் வேறு எதையும் செய்வதற்கு முன், எல்லா ரிலேக்களுக்கும் விடுவிக்கும் துடிப்பை அனுப்புமாறு நிரலை எழுதிக்கொள்ள வேண்டும்.